பல்லில் கடித்த ரிப்பன்

“தொடாதீங்கோ, ப்ளீஸ்.” படத்தை வரைந்த கீதா ஓடி வந்தாள்.

கோகிலவாணி விரலை இழுத்துக்கொண்டாள். மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள். மாடியில் பந்தி போட நேரமிருக்கிறதே என்று கீழ்த்தளத்து ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்தாள். இந்தப் படத்தை விட்டு நகர முடியவில்லை.

கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை. சின்னப் பெண் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, பின்னால் ஒருத்தி ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னல் போடுகிறாள். கிழிந்த இடது காதில் தோடு இல்லை. கடித்த ரிப்பனோடு எதற்கோ சிரிக்கிறாள். கீழே ‘அம்மா’ என்று எழுதியிருந்தது.

அம்மா சிரித்து கோகிலவாணி பார்த்ததில்லை. அம்மா என்றதும் விடிகாலையில் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம்தான் அவளுக்கு ஞாபகம் வரும். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு முகம் வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே போயிற்று; கிழிந்த காது மட்டும் மறக்கவில்லை. வெள்ளம் வந்தபோது தாராவி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இருந்த அம்மாவின் ஒரே போட்டோவும் கூழாகிவிட்டது.

“மேடம், இத போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா?”

“வித்துப்போச்சே. வாங்கினவா, யாரும் போட்டோ எடுக்கக் கூடாதுன்னுட்டா. நாளைக்கு எடுத்துண்டு போயிடுவா.” கோகிலவாணியின் கண்ணைப் பார்த்ததும் கீதாவின் குரல் இறங்கியது. “நீங்களும் அழறேளா? நேத்து ஒரு குஜராத்தித் தாத்தாகூட ‘அப்படியே எங்கம்மா’ன்னு மூக்கைச் சிந்திண்டு போனார்.”

“அப்படியேதான் இருக்கா.”

“உங்களுக்கும் இப்படித்தான் வாரி விடுவாளா?”

“எனக்குக் கிராப்பு மேடம். சீப்பு எடுக்க அம்மைக்கு ஏது நேரம்?”

கீதா இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றாள். “உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. இது எங்கம்மா இல்லை. எங்கம்மா காலங்கார்த்தால பேங்குக்கு ஓடிண்டிருப்பா. இவ எங்காத்துல வேலை பார்த்த பாயி. ‘எம் புள்ள, எம் புள்ள’ன்னு கொஞ்சிண்டேதான் வாருவா. அவ கை படாம நான் ஸ்கூலுக்குப் போனதே இல்லை.”

கோகிலவாணி முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“அவ பேரு என்ன மேடம்?”

“அதான் தெரியலை. வேலைக்காரின்னா பாயிதானே, எல்லாரும் ‘பாயி’ன்னே கூப்பிட்டோம். கேக்கணும்னு தோணவே இல்லை. படத்துக்குக் கீழே பாயின்னு எழுத மனசு வரலை, அதான் அம்மான்னு போட்டேன்.”

கோகிலவாணி படத்திலிருந்த சிறுமியின் பின்னலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“முப்பிடாதியம்மாள்னு எழுதுங்க மேடம். எங்க அம்மை.”