பேய்ப்படத் தலைப்பு

"தாத்தா, இந்தத் தாள்ல 'இந்த வீடு உனக்கே'ன்னு எழுதிக் கொடுங்க. எங்க காலேஜ் பேய்ப்படத்துக்குத் தலைப்பு."

"கம்ப்யூட்டர்ல இல்லாத எழுத்தா?"

"அதுல எதுவும் பயமா இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. வீடு என் பேரிலும் தம்பி பேரிலும் இருக்கிறது; பாகப் பிரிவினை வழக்கு கோர்ட்டில் கிடக்கிறது. பேத்தியைத் தூண்டிவிட்டதே அவன்தானோ?

நாளைக்கு இதை என் கையெழுத்து என்று எவனும் காட்டக் கூடாது. இடது கையால் கிறுக்கிக் கொடுத்தேன்.

"ஐயோ, பேயே எழுதின மாதிரி இருக்கு!" என்று குதித்தாள். "ஆனா சின்னத் தாத்தா எழுதினது இன்னும் பயங்கரம்."

"அவனும் எழுதினானா?"

"ம். அவரும் வலது கையை விட்டுட்டு இடது கையாலதான் எழுதினாரு."

எனக்கு ரத்தம் கொதித்தது. கூடப்பிறந்த அண்ணனையே நம்பாதவனை என்னவென்று சொல்வது!