முன்வரிசைக் கதிரை

“அப்பா இல்லை ரீச்சர். செத்திட்டார்.”

தன் பெயரையும் தம்பியின் பெயரையும் சொல்லி முடித்த பத்மாசனி, அடுத்த கேள்விக்கு இப்படித்தான் பதில் சொன்னாள். பக்கத்தில் நின்ற தம்பி பரமலிங்கம் வாயைத் திறந்தான். அவள் அவனுடைய முழங்கையில் நுள்ளினாள். எட்டு வயதுப் பிள்ளை, வாயை மூடிக்கொண்டான்.

இராசமலர் ரீச்சர் பேனையை நிறுத்தி இருவரையும் பார்த்தார். தம்பியின் முகத்தைச் சற்றுக் கூடுதலாகவே பார்த்தார். பிறகு இரண்டு மட்டைத் துண்டுகளை எடுத்து, யாரும் சொல்லாத முதலெழுத்தையும் சேர்த்து, பள்ளிக்கூடக் கொப்பியில் இருப்பதுபோலவே ‘சி. பத்மாசனி’, ‘சி. பரமலிங்கம்’ என்று எழுதி அவர்கள் நெஞ்சில் குத்திவிட்டார்.

“முன்வாங்கில போய் இருங்கோ பிள்ளையள்.”

கிளிநொச்சிக் குடியேற்றத்திட்டத்தின் சின்னத் தேவாலயத்தில் அன்று விடுமுறை வேதப்பள்ளி தொடங்கியது. பத்து நாள். பாட்டு, கதை, பத்து மணிக்கு ஒரு பணிசும் ஒரு கோப்பை பாலும். அந்தப் பணிசுக்காகத்தான் அம்மா இராசேஸ்வரி தன் சைவப் பிள்ளைகளை அங்கே போகவிட்டாள்.

பத்மாசனி போனது பணிசுக்காக அல்ல.

அப்பா சாகவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் வவுனியாவுக்கு வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி, ஒரு ரீச்சரைக் கலியாணம் முடித்துவிட்டார் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து தன் அண்ணனின் காணிக்கு வந்து, நாற்று நட்டும் களை பிடுங்கியும் அவர்களை வளர்த்தாள். இந்த வருடம் அப்பா, ஓவசியர் சின்னராசா, கிளிநொச்சிக்கே மாற்றலாகி வந்திருந்தார். அவரோடு வந்த மனைவிதான் இராசமலர் ரீச்சர்.

“அக்கா, ரீச்சர் நல்லவா,” என்றான் தம்பி மூன்றாம் நாள், வீட்டுக்குப் போகும் வழியில். “இண்டைக்கு எனக்கு ரெண்டு பணிஸ் தந்தவா.”

“எங்கட அப்பாவைப் பறிச்சவா. பணிசைத் திண்டிட்டுப் பேசாமல் வா.”

நான்காம் நாள் பத்மாசனி வாய்க்கால் கரையில் காஞ்சோண்டி இலை பறித்தாள். வெறுங்கையால் தொட்டால் தோல் தடித்துவிடும் என்பதால் வாழையிலையில் சுற்றிக்கொண்டு போனாள். பிள்ளைகள் பாலுக்கு வரிசையில் நின்றபோது, ரீச்சரின் மேசையில் கிடந்த லேஞ்சியில் அதை நன்றாக உரஞ்சிவிட்டாள்.

கதை சொல்லிக்கொண்டே ரீச்சர் அந்த லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். கன்னமும் கழுத்தும் சிவந்து தடித்தன. எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து, கதையை விட்ட இடத்திலிருந்து சொன்னார். யார் செய்தது என்றுகூடக் கேட்கவில்லை.

அடித்திருந்தால் பத்மாசனிக்கு ஆறியிருக்கும். கேட்காமல் விட்டது அவளுடைய கோபத்தை இன்னும் கிளறியது.

கடைசி நாளைத்தான் அவள் நம்பியிருந்தாள். பரிசளிப்புக்குத் தாய் தகப்பன்மார் வருவார்கள். ரீச்சரின் கணவரும் வருவார். முதற்பரிசு எடுக்கும் பிள்ளை மேடையில் நின்று வேதவசனம் சொல்ல வேண்டும். அதற்காகவே அவள் எல்லாரையும் முந்திக்கொண்டு எல்லா வசனங்களையும் பாடமாக்கினாள். மேடையில் அவள் சொல்லப்போவது வேறு. ‘இந்த ரீச்சர் எங்கட அப்பாவைக் களவெடுத்தவா.’ வாய்க்கால் கட்டில் நடக்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

பத்தாம் நாள் பின்னேரம் தேவாலயம் நிறைந்திருந்தது. முன்வரிசைக் கதிரையில், போதகருக்குப் பக்கத்தில், வெள்ளைக் காற்சட்டை போட்டு அப்பா இருந்தார்.

“முதற்பரிசு, பத்மாசனி,” என்றார் ரீச்சர். “தம்பியையும் கூட்டிக்கொண்டு மேல வாரும் பிள்ளை.”

இருவரும் ஏறினார்கள். அப்பாவின் முகம் வெளிறியது. கதிரையைவிட்டு அரைவாசி எழும்பினார். போதகர் அவருடைய கையைப் பிடித்து ஏதோ சொல்ல, மறுபடி இருந்தார்.

பத்மாசனி வாயைத் திறந்தாள். அப்போதுதான் பெண்கள் பக்கத்தைப் பார்த்தாள். மூன்றாம் வாங்கில் அம்மா. நல்ல நாளுக்கென்று வைத்திருந்த ஒரே சேலையை உடுத்து, தலையைக் குனியாமல் இருந்தாள். வருவதாக அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லையே.

அந்த வார்த்தையை இப்போது சொன்னால், திரும்புகிற கண்ணெல்லாம் அம்மா மேல்தான் விழும். பத்மாசனி அதை விழுங்கிக்கொண்டாள். தம்பி அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினான்.

ரீச்சர் வந்து அவர்களுக்கு நடுவில் நின்றார். பத்து நாளும் அந்த முகத்தில் இருந்த சிரிப்பு இப்போது இல்லை.

“பரிசு குடுக்கிறது எப்பவும் எங்கட போதகர்,” என்றார் சபையைப் பார்த்து. “இண்டைக்கு இந்த ரெண்டு பிள்ளையளுக்கும் பெத்த தகப்பன் வந்து குடுக்கட்டும்.”

ஆட்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். எவரும் எழும்பவில்லை.

ரீச்சர் முன்வரிசைப் பக்கம் திரும்பினார்.

“கலியாணமே முடிக்கேல்லையெண்டு எனக்குச் சொன்ன சின்னராசா, எழும்பி வாரும்.”