கல்வளைவுக்கு அந்தப் பக்கம்

அமாவாசையன்று தறி ஓடாது. கைலாசம் மனைவி லோகாம்பாளையும் மகள் குழலியையும் நாயையும் கூட்டிக்கொண்டு, கட்டுச்சோற்றோடு கூரம் கிராமத்தைத் தாண்டிப் பொட்டலில் நிற்கும் கல்வளைவுக்குப் போனார்.

குழலி நாயோடு வளைவுக்குள் புகுந்து அந்தப் பக்கம் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்து, புளிச்சோற்றுக்குக் கை நீட்டினாள். நேற்று முழுக்கப் பட்டுநூலைச் சிவப்பில் தோய்த்த கை. அந்தச் சாயம் ஒரு வாரத்துக்குப் போகாது. இப்போது கை வெளுத்திருந்தது.

“சாயம் எங்கடி?”

“என்னா சாயம்மா?”

“கையக் கழுவிக்கினு வந்தா அதுக்கும் ஒரு வழக்கா?” என்று சிரித்தார் கைலாசம்.

சுற்றிலும் எங்கும் தண்ணீர் இல்லை. லோகாம்பாள் சோற்றை வைத்தாள்.

வளைவுக்கு அப்பால் நாய், யாரோ தலையைத் தடவிக்கொடுப்பதுபோலக் கண்ணை மூடி வாலாட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டும் வரவில்லை.

“வெயிலு ஏறுது லோகா, கெளம்பு.”

லோகாம்பாள் அந்த வெளுத்த கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.