மூன்று மணிக்குள் ஒரு படம்

"பேட்டரி செத்துப்போச்சு மக்கா! உள்ள போகும்போது ஃபுல்லா இருந்துது. நாலு நிமிசம் தாங்கல," என்றபடி மீன் குடோனின் உறைபனி அறையிலிருந்து வெளியே வந்தான் செல்வசிங்.

வந்ததுதான் தாமதம், புஜைராவின் ஆகஸ்ட் மாதக் காற்று பட்டுக் கேமரா முழுக்க வியர்த்துவிட்டது. லென்ஸுக்கு உள்ளேயும் ஆவி. அவனுக்கு அங்கேயே தரையில் படுத்துவிடலாம் போலிருந்தது. நேற்று துபாயில் ஒரு கல்யாண வரவேற்பு, ஆயிரத்து இருநூறு படம். இன்று ஒரு நாள்தான் லீவு. ஒரே ஊர்க்காரன் என்ற பாவத்துக்கு, அதையும் இந்தக் குடோன் சூப்பர்வைசர் கிளிட்டஸ் பிடுங்கிக்கொண்டான். மதியம் நெய்மீன் குழம்பு என்று பேச்சு. அதையும் இதுவரை கண்ணில் காட்டவில்லை.

"ஒரு போட்டோதானே? செல்போன்ல எடுக்கப்பிடாதா?"

"மூணு பேரு போன்ல எடுத்துப் பாத்தாச்சு. உள்ள மைனஸ் இருபத்திரண்டு. பொசுக்குனு அணைஞ்சு போவுது. வீடியோ கால் போடலாம்னா சிக்னலே கிடையாது." கிளிட்டஸ் கடிகாரத்தைப் பார்த்தான். "சீக்கிரம் பாரு மக்கா. மூணு மணிக்குப் பாண்டிக்கு டூட்டி."

பாண்டி எனப்பட்ட பாண்டித்துரை, தடித்த குளிர் ஜாக்கெட்டுக்குள் வியர்த்து வழிய நின்றிருந்தான். ராமநாதபுரத்துக்காரன். முப்பது வயது இருக்கும்.

"கோவிச்சுக்கிறாதீங்கண்ணே. என் மச்சான் முனியசாமி, எம் பொண்டாட்டி உமாராணியோட அண்ணன், போன வருசம் இந்த நாட்டுலதான் வெயில்ல வேலை பாக்கும்போதே சுருண்டு விழுந்து செத்துப்போனாரு. வெயில் வேலைன்னா உங்கள அனுப்பவே மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னா. ஐஸ் ரூம்ல வேலைன்னு சொன்னப்புறம்தான் விட்டா. இப்ப யாரோ, பாலைவனத்துல ஏதுடி ஐஸுன்னு கெளப்பிவிட்டுட்டாக. மூணு நாளா பச்சத்தண்ணி பல்லுல படல. இன்னிக்குப் போட்டோ வரலைன்னா நாளைக்கே வந்துருங்கன்னு அழுகுறா."

செல்வசிங்குக்கு இருந்த எரிச்சல் பாதியாகக் குறைந்தது. ஒரு பெண் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கும்போது நெய்மீனைப் பற்றி நினைக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது. மின்விசிறிக்கு முன்னால் கேமராவை வைத்து, ஆவி போகும்வரை காவல் காத்தான். ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டே முக்கால் ஆனபோது, மிச்சமிருந்த ஒரே பேட்டரியை அக்குளில் செருகிச் சூடாக வைத்துக்கொண்டு எழுந்தான்.

"இதுவும் போச்சுன்னா ஆண்டவர்தான் வந்து எடுக்கணும். நான் சொல்லும்போது மூச்ச விடாத, என்ன? விட்டா மூஞ்சிக்கு முன்னால புகைதான் தெரியும்."

உள்ளே மூக்கு முடிகூட விறைத்தது. கையுறையோடு பட்டனை அழுத்த முடியவில்லை. கழற்றினால், கேமராவின் இரும்பு விரலைக் கடித்தது. முதல் படத்தில் பாண்டித்துரையின் முகம் கரிக்கட்டையாக விழுந்தது. சுற்றிலும் வெள்ளைப் பனியாக இருந்தால் கேமரா ஏமாந்துபோய் ஆளைக் கறுப்பாக்கிவிடும். செல்வசிங் வெளிச்சத்தை ஏற்றினான்.

"சிரிடே!"

"சி... சிரிக்கத்தாண்ணே பாக்குறேன்." பல் தந்தியடித்தது.

புது ஆள் போல, குளிர் இன்னும் பழகவில்லை என்று செல்வசிங் நினைத்துக்கொண்டான். மீன் பெட்டி ஒன்றைத் தூக்கச் சொன்னான். மைனஸ் இருபத்திரண்டு என்று காட்டும் பலகை பின்னால் தெரியும்படி நிறுத்தினான். மூன்று படம் எடுத்தான். நான்காவதற்குப் பேட்டரி கையை விரித்துவிட்டது.

இந்தத் தடவை அவன் ஏமாறவில்லை. மெமரி கார்டை மட்டும் உருவிக்கொண்டு, கேமராவைப் பாலிதீன் பைக்குள் காற்றுப் புகாமல் கட்டிய பிறகே கதவைத் திறந்தான். வெளியே வந்து கார்டு ரீடரைப் போனில் சொருகிப் படத்தைப் பாண்டித்துரைக்கு அனுப்ப, அவன் மரத்துப்போன விரல்களால் ஊருக்கு அனுப்பினான். மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. உமாராணியின் குரல்.

"ஆத்தாடி, புருவமெல்லாம் ஐஸு! இப்படி நடுங்கிக்கிட்டு நிக்கிறீகளே... பரவால்ல, குளிருன்னா போத்திக்கிறலாம். இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. இந்தா, சோத்தப் போட்டு உக்காந்துட்டேன்."

பாண்டித்துரை அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டான். செல்வசிங்குக்கு, இந்த மாதத்தில் எடுத்த படங்களிலேயே இதற்குத்தான் தூக்கத்தைத் தொலைத்தது தகும் என்று தோன்றியது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதினார்கள். பாண்டித்துரை அவசரமாக ஜாக்கெட்டைக் கழற்றிக் கிளிட்டஸிடம் நீட்டினான்.

"அத ஏன்டே கழட்டுற? உனக்கு டூட்டிக்கு உள்ள போவாண்டாமா?" என்றான் செல்வசிங்.

"இது கிளிட்டஸ் அண்ணனோடதுண்ணே. கோடையில பன்னெண்டரையிலருந்து மூணு மணி வரைக்கும் ஆளுகள வெயில்ல நிறுத்தக் கூடாதுன்னு சட்டம், அந்த நேரத்துல தண்ணி குடிக்க இங்க வருவேன், அப்படிப் பழக்கம்," என்ற பாண்டித்துரை, தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, எதிரே கொதிக்கும் தாரைக் கொட்டத் தொடங்கியிருந்த ரோட்டு வேலைக்கு ஓடினான்.