விதைநெல் ஏறிய கார்

“பாட்டு போட்டு பாஸ் அடிச்சா நெஞ்சு அதிரணும் பாய். தெருமுனையில வரும்போதே வீட்டு ஜன்னல் கிடுகிடுன்னு ஆடணும்.”

கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் சேக் தாவூது நிமிர்ந்து பார்த்தார். கேட்டவர் கல்லூரிப் பையன் இல்லை. வேட்டி, தோளில் துண்டு, பேரன் எடுக்கும் வயது. அவருக்குப் பின்னால் இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று தஞ்சாவூர் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது.

“உங்க வண்டியாய்யா?”

“ஆமா... எங்க வீட்டு வண்டிதான்,” என்ற சாரங்கபாணி, யாரோ பின்னாலேயே வந்துவிட்டது போல ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

தாவூது கதவின் உள்பலகையைக் கழற்றினார். சரசரவென்று தரையில் நெல் கொட்டியது. கூடவே எலிப் புழுக்கை, துண்டு துண்டாக ஒயர்கள், கடித்துக் குதறிய ஸ்பீக்கர்.

“ஐயா, இது காரா, களஞ்சியமா?”

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கார் அவருடைய மாப்பிள்ளை அரவிந்தனுடையது. அரவிந்தன் கப்பலில், இரைச்சல் ஓயாத எஞ்சின் அறையில் இன்ஜினீயர். ஆசை ஆசையாக வாங்கிய வண்டியை மாமனாரை நம்பி நீடாமங்கலத்து வீட்டில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போயிருந்தார்.

தை மாதம் அறுப்பு நேரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. வீடு முழுக்க ஓதம். விதைநெல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தவித்த சாரங்கபாணியின் கண்ணில் இந்தக் கார் பட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் காற்றுகூடப் புகாத வண்டி, நெல்லுக்கு இதைவிடப் பத்திரமான இடம் உண்டா? மூட்டைகளைத் தூக்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். காற்றுக்குத் தெரியாத வழி எலிக்குத் தெரிந்திருந்தது.

“மாப்பிள்ளைக்குப் பாட்டுன்னா உசுரு பாய். லீவுல வந்தா சோறு தண்ணி வேணாம். இதுக்குள்ள உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டே இருப்பாரு. அதைப் போயி நாசம் பண்ணிட்டேன்.”

“போன்ல சொல்லிட வேண்டியதுதானே?”

“எங்க பேசுறாரு? மாசக்கணக்கா எல்லாம் மெசேஜ்தான். எம் பொண்ணு போன் பண்ணாக்கூட கட் பண்ணிட்டு, ‘வேலையா இருக்கேன்’னு எழுதி அனுப்புறாரு. இந்த எலி விஷயத்தை யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க பாய். எம்மேல இருக்கிற கோவத்தை அவகிட்ட காட்டுறாரு. நாளைக்கு வேற வர்றாரு.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போனைக் கையில் வைத்துக்கொண்டு மகள் பிரகதீஸ்வரி அழுததைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தன் அவசர புத்தியால் மகள் வாழ்க்கையில் மண் விழுந்துவிட்டதே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

சாயங்காலத்துக்குள் புது ஸ்பீக்கர்கள் ஏறிவிட்டன. தாவூது ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். எதிர் டீக்கடையில் கிளாஸ்கள் கிணுகிணுத்தன.

“இடது சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் வச்சிருக்கேன். இறங்கும்போது அணைச்சிடுங்க, இல்லேன்னா பேட்டரி இறங்கிடும். ஏறினதும் மறக்காம போடுங்க. போடலேன்னா ஸ்கிரீன்ல பாட்டு ஓடும், சத்தம் மட்டும் வராது.”

மறுநாள் காலை அரவிந்தன் வந்து இறங்கினார். இளைத்திருந்தார். எல்லாரையும் பார்த்துச் சிரித்தாரே தவிர அதிகம் பேசவில்லை. கோபம் இன்னும் தணியவில்லை போலிருக்கிறதே என்று சாரங்கபாணி நினைத்துக்கொண்டார்.

“வாங்க மாப்பிள்ளை, வண்டிக்குப் புது ஸ்பீக்கர் போட்டு வச்சிருக்கேன்,” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கதவில் பளபளத்த ஸ்பீக்கரைத் தொட்டுக் காட்டினார்.

அரவிந்தன் கொஞ்சம் தயங்கிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். சாரங்கபாணி முழங்காலை மடக்கிப் பக்கத்துச் சீட்டில் நுழைந்துகொண்டார். அரவிந்தன் ஸ்கிரீனைத் தொட்டு ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இனியும் தாங்காது என்று தலையைக் குனிந்துகொண்டு சாரங்கபாணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“மாப்பிள்ளை, தப்பு பூரா எம்மேலதான். விதைநெல்லை உள்ள வச்சு, எலி பூந்து, உங்க பழைய ஸ்பீக்கரை நாந்தான் பாழாக்கிட்டேன். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. பிரகதிகிட்ட மட்டும் பேசாம இருக்காதீங்க.”

தெருக்கோடி மதகில் தண்ணீர் விழும் சத்தம் திறந்திருந்த கதவு வழியே தெளிவாகக் கேட்டது.

பயந்து பயந்து நிமிர்ந்தார். ஸ்கிரீனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கலர் கலராகக் கோடுகள் குதித்துக் குதித்து ஆடின. அப்போதுதான் நினைவு வந்தது. சுவிட்சைப் போடவே இல்லை! ‘அடச்சே’ என்று சீட்டுக்கு அடியில் கையை விட்டார்.

விட்ட கை அங்கேயே நின்றுவிட்டது.

அரவிந்தன் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு, ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மாமனார் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, உரத்த குரலில் கேட்டார்.

“சவுண்டைக் கொஞ்சம் குறைக்கட்டுமா மாமா? உங்க காதுக்குக் கஷ்டமா இருக்கும்.”