கேட்டால் மட்டும்

இன்னொரு கரண்டி கருவாட்டுக் குழம்பு கேட்டார்.

அவள் கத்தரிக்காய்த் துண்டாகப் பார்த்து அள்ளி ஊற்றினாள்.

கை கழுவப் போனவர் கொல்லையில் குனிந்து வாந்தி எடுத்தார். அவள் சொம்போடு ஓடினாள். மணி நாலு பத்து. தண்ணீர் லாரி வரும் நேரம் என்று கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருணாகரன், அவள் கணவர், துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். அன்று நண்பகலில் குழாய்க்கு அடியில் விரல் நீளத்துக்கு ஏதோ மின்னியது. பற்றவைத்த இடங்களைக் கதிர்வீச்சால் படம் எடுக்க வந்தவர்கள் தவறவிட்ட கதிர்வீச்சுத் துண்டு. சாவிக்கொத்தில் மாட்டலாம் என்று கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஷிப்ட் முடிந்து உடை மாற்றும்வரை அது பையிலேயே கிடந்தது.

பதினோராம் நாள்தான் இது தெரிந்தது.

அதுவரை மூன்று மருத்துவர்கள் பார்த்தார்கள். மூவரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். என்ன சாப்பிட்டார்?

கருவாடு என்றாள். மூன்று முறையும்.

வீட்டுக்கு வந்து குழம்புச் சட்டியை உடைத்தாள்.

கதிர் எவ்வளவு அதிகம் பட்டதோ அவ்வளவு சீக்கிரம் வாந்தி வரும் என்று கடைசி மருத்துவர்தான் சொன்னார். அந்த மணியை யாராவது கேட்டிருந்தால், அன்றே ரத்தம் பார்த்திருந்தால்.

முப்பத்தாறாம் நாள் அவர் போய்விட்டார்.

ஆறு வருடம் ஆகிவிட்டது.

அரசு மருத்துவமனை வளாகத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கதிர்வீச்சு விபத்துக்கான ஒத்திகை. நோயாளியாக நடிக்க ஆள் கேட்கும்போதெல்லாம் அவள் பெயர் கொடுத்துவிடுவாள். அவள் கேட்டு வாங்குவதும் ஒவ்வொரு முறையும் அதே நோயாளி வேடம்தான். கழுத்தில் அட்டை. ‘வாந்தி. காயமில்லை. தொடங்கிய நேரம் 9.30.’

நேரத்தை அவளாகச் சொல்லக் கூடாது. கேட்டால் மட்டும்.

கேட்காமல் தாண்டிப் போய்விட்டால், முடிவில் மேற்பார்வையாளர் வந்து, இறந்தவர் என்று கையில் கறுப்பு நாடா கட்டுவார்.

பக்கத்துப் பெஞ்சில் ஆட்டோ ஓட்டும் சவரிமுத்து. காலில் கட்டு, அதன்மேல் சிவப்பு மை.

“என்ன சுலோச்சனாக்கா, போன வருசமும் செத்தீங்க, அதுக்கு முந்துன வருசமும் செத்தீங்க. இந்தத் தடவையாச்சும் பொழைக்கிற வழியப் பாருங்க.”

“அது என் கையிலயாப்பா இருக்கு?”

சங்கு ஊதியது. உடல் முழுக்கப் பாதுகாப்பு உறை போட்டவர்கள் கருவிகளோடு ஓடி வந்தார்கள். நாலு பேர் சவரிமுத்துவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“பாத்தீங்களாக்கா, செவப்பு மைக்கு இருக்குற மரியாதய!” என்று ஸ்ட்ரெச்சரில் இருந்து கத்திக்கொண்டே போனான்.

அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பயிற்சி மருத்துவர் கடந்து போனாள். இரண்டடி போய்த் திரும்பி வந்தாள். சட்டைப்பையில் நிலோபர் என்று எழுதியிருந்தது. எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“என்னம்மா சாப்பிட்டீங்க?”



“கருவாட்டுக் கொழம்பு.”

நிலோபர் எழுதத் தொடங்கினாள். பாதியில் பேனா நின்றது. நிமிர்ந்தாள்.

“மொத வாந்தி எத்தன மணிக்கு?”

பந்தல் துணி காற்றில் படபடத்தது.

சுலோச்சனா கழுத்து அட்டையை விரலால் தொட்டாள். பார்க்கவில்லை.

“நாலு பத்து.”

“விடிகாலையிலயா?”

“இல்லம்மா. சாயங்காலம்.”

நிலோபர் அட்டையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். பேனா தாளில் நகர்ந்தது.

பிறகு எழுந்து கையைத் தூக்கினாள்.

“சிஸ்டர், இங்க வாங்க! இவங்களுக்கு ரத்தம் எடுக்கணும். மொதல்ல இவங்க.”

சுலோச்சனா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருத்துவர் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

பெரிதாக எழுதி வட்டம் போட்டிருந்தது.

மாலை 4.10.