மூன்று சுற்று

கொக்கியின் திருகை மூடாமல் விட்டேன். வேண்டுமென்றேதான்.

கீழே தொண்ணூறு மீட்டர். ஆலைப் புகைபோக்கியின் உச்சி. பெயிண்ட் வேலை. காற்று அங்கே சும்மா இருக்காது. சட்டைக்குள் கைவிட்டுத் துழாவும்.

எங்கள் தொழிலில் ஆளுக்கு இரண்டு கயிறு. ஒன்று, தொங்குவதற்கு. இன்னொன்று, முதல் கயிறு கைவிட்டால் பிடித்துக்கொள்வதற்கு. அந்த இரண்டாவது கயிற்றை நெஞ்சுப் பட்டையோடு சேர்க்கிற கொக்கியில் ஒரு திருகு உண்டு. மூன்று சுற்று சுற்றி மூட வேண்டும். மூடாவிட்டால் எதிலாவது உரசிக் கொக்கி திறந்துகொள்ளலாம்.

திறக்காமலும் போகலாம்.

இறங்கும் முன் தன்னைத் தானே சோதித்தால் செல்லாது. ஜோடிதான் சோதிக்க வேண்டும். அவன் என்னை, நான் அவனை. எல்லாம் சரி என்றால் தோளில் ஒரு தட்டு. அந்தத் தட்டு விழாமல் யாரும் விளிம்பைத் தாண்டக் கூடாது.

என் ஜோடியைப் பல்லி என்பார்கள். சுவரில் அப்படி ஒட்டுவான். பதினோரு வருஷமாக அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான். அவனுக்குத் தங்கையும் இல்லை, எனக்கு அக்காவும் இல்லை. கயிறு கொடுத்த உறவு.

முப்பத்தெட்டு நாளாக அவன் என்னோடு பேசவில்லை.

மேலதிகாரிகள் பார்வையிட வந்த அன்று, அத்தனை பேர் முன்னாலும் கத்தினான்.

"மச்சான், உன் கயிறு விளிம்புல உரசுது பாரு. உறையை மாட்டு!"

உரசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அங்கே லீடர் நான். அதிகாரி ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார்.

"எனக்கே பாடம் எடுக்கறியா? உன் வேலையைப் பார்றா," என்றேன்.

பல்லியே உறையை எடுத்துவந்து என் கயிற்றில் மாட்டினான். "சரி. இனிமே உன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல," என்றான்.

சொன்னால் சொன்னதுதான். அழுத்தக்காரன்.

"என்னப்பா, சம்பந்தி சண்டை இன்னும் தீரலையா? நான் வேணா தூது போகட்டுமா?" என்று சூப்பர்வைசர்கூடக் கிண்டல் செய்து பார்த்தார். பல்லி சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததால் நானும் சிரிக்கவில்லை.

என் அறையில் என்னைத் தவிர ஆள் கிடையாது. டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்று சொல்வதோடு சில நாள் என் பேச்சு முடிந்துவிடும். இன்னொரு மனுஷக் கை என் மேல் படுவது காலையில் இந்த அரை நிமிஷச் சோதனையில்தான்.

இன்றோடு அதுவும் போயிற்று. புகைபோக்கி இன்று முடிகிறது. நாளை முதல் ஆளுக்கொரு அணி. சூப்பர்வைசர் பட்டியல் ஒட்டிவிட்டார்.

அதனால்தான் கொக்கி. மூடாத திருகைக் கண்டால் எந்த ரோஷக்காரனும் நாலு வார்த்தை பேசித்தானே ஆக வேண்டும்? திட்டட்டும். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை.

பல்லி வந்தான். இடுப்புப் பட்டை. கால் பட்டை. முடிச்சு. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான். விரல் நெஞ்சுக்கு ஏறியது.

நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நிதானமாகச் சுற்றி மூடினான். தோளில் தட்டினான்.

வார்த்தை இல்லை.

அவ்வளவுதான். பதினோரு வருஷம் அவ்வளவுதான்.

இனி என் முறை.

இத்தனை நாளும் நான் அவனைச் சோதித்த லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். முகத்தைப் பார்க்கக் கூடாதே என்று அவன் தலைக்கு மேலே வானத்தைப் பார்ப்பேன். கை பாட்டுக்குப் பட்டைகளைத் தடவும். ஒரு இழுப்பு, ஒரு தட்டு. ஆச்சு.

இன்றைக்கு நிமிர முடியவில்லை. கண் கலங்கியிருந்தது. அவன் பார்த்துத் தொலைக்கப் போகிறானே என்று குனிந்தேன்.

குனிந்த கண்ணுக்கு நேரே அவன் நெஞ்சுக் கொக்கி.

திருகு மூடியிருக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருட்டுப் பயல்! இவனும் அதே வித்தையா, அதே நாளிலா? நாற்பதைத் தாண்டிய இரண்டு தடியன்கள், யார் முதலில் பேசுவது என்று உயிரை வைத்து விளையாடுகிறோம்.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவன் மூடினானே பேசாமல்? நானும் பேசாமல் மூடுவேன்.

திருகைச் சுற்றினேன்.

நகரவில்லை.

அழுத்திச் சுற்றினேன். அரைச் சுற்றுகூட வரவில்லை. கையுறையை உருவிவிட்டுக் கட்டைவிரலால் தடவினேன். திருகு ஏற வேண்டிய வரிகளில் பெயிண்ட் தெறித்துக் கெட்டியாகக் காய்ந்திருந்தது. மூடியிருந்தால் பெயிண்ட் படவே முடியாத இடம்.

நகத்தால் சுரண்டினேன். சாம்பல் நிறம் உதிர்ந்தது. இந்த வாரம் நாங்கள் அடிக்கிற நிறம்.

அதற்கு அடியில் வெள்ளை.

அது முதல் பூச்சு. அதை நாங்கள் அடித்து முடித்து ஒன்பது நாளாகிறது.

பல்லி எங்கோ பார்த்தபடி, தோளை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றான்.

ஒன்பது நாளும் காலையில் அந்தத் தோளில் தட்டி இவனை நான்தான் இறக்கிவிட்டிருக்கிறேன்.